மாப்பிள்ளையின் ஒரு மைல்

பினாங்கில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. பக்கவாதத்தில் விழுந்தவர்களைக் கம்பியைப் பிடிக்க வைத்து, திட்டி, கெஞ்சி, எப்படியாவது நடக்க வைத்துவிடுவான் இந்த ஆள் என்று சீனர்களும் மலாய்க்காரர்களும்கூடச் சொல்வார்கள். இருபத்திரண்டு வருஷம் ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்தவன் நான். சொந்தக்காரர்கள் வாயில் அது மெல்ல மெல்ல ‘டாக்டர்’ ஆகிவிட்டது. நானும் திருத்தவில்லை. ஓசியில் கிடைக்கிற மரியாதையை யார் வேண்டாம் என்பார்கள்?

அந்த மரியாதைதான் எண்பதுகளின் தொடக்கத்தில் என்னைப் பழனி மலைக்கு இழுத்துக்கொண்டு போனது. என் அப்பா மலாயா ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறினார். சித்தப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். சித்தப்பா குடும்பம் எழுபதுகளில் திருப்பி அனுப்பப்பட்டு, கோடைக்கானலுக்கு அந்தப் பக்கம் போளூரில் கூலி வேலைக்கு வந்து சேர்ந்தது. அவர் மகள் பார்வதி எனக்குத் தங்கச்சி முறை. போட்டோவில் மட்டும் பார்த்தவள். அவள் புருஷன் முத்தையாவுக்கு மூளைக்காய்ச்சல் வந்து, உயிர் பிழைத்து, நினைவு போய்விட்டது.

முத்தையாவின் அண்ணன் கோத்தகிரியிலிருந்து எனக்கு எழுதியிருந்தார். “தம்பியை மதுரைப் பக்கம் ஒரு காப்பகத்தில் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். பார்வதி மாட்டேன் என்கிறாள். எத்தனை நாள் ஒரு பொம்பளை தனியாக மல்லுக்கட்டுவாள்? நீங்கள் டாக்டர். நேரில் பார்த்து ஒரு முடிவு சொல்லுங்கள். எழுதிப் போட்டால் நான் வந்து கூட்டிப்போய்விடுகிறேன்.” கடிதத்தைப் படித்ததுமே நான் முடிவு செய்துவிட்டேன். காப்பகம்தான் சரி. போய்ப் பார்ப்பது சும்மா ஒரு சம்பிரதாயம்.

கோடைக்கானலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் குளிர் கன்னத்தில் அறைந்தது. பினாங்கிலும் மலை இருக்கிறது, ரயிலில் ஏறி, படம் எடுத்துக்கொண்டு இறங்கி வருவோம். அந்தத் திமிரில் அரைக்கைச் சட்டையோடு வந்திருந்தேன். பல் கிட்டித்துப்போய் பஜாரில் முதலில் வாங்கியது ஒரு குரங்குக் குல்லா. டீக்கடையில் பக்கத்து பெஞ்சில், அங்கே விடுதிப் பள்ளியில் படிக்கிற இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் இங்கிலீஷில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். “ஊரிலிருந்து வந்த கடலை வெண்ணெய் தீர்ந்துவிட்டது, இனி விடுமுறை வரைக்கும் இட்லிதான்” என்று ஒருத்தி அழாத குறையாகச் சொன்னாள். மற்றவள், “எனக்கு இட்லி பிடிக்கும், உன்னுடையதையும் கொடு” என்றாள். எனக்கு அந்த இரண்டாமவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

போளூர் பஸ் ஒரு தனிக் கதை. பூண்டு மூட்டை, கோழி, சைக்கிள் டயர், அதற்கு நடுவில் ஆட்கள். பாதி வழியில் பஸ் நின்றது. சாலையை அடைத்துக்கொண்டு ஒரு காட்டெருமை. பினாங்கில் என்றால் நாலு பேர் ஹாரன் அடித்திருப்பார்கள். இங்கே கண்டக்டர் திரும்பி, “யாரும் சத்தம் போடாதீங்க. அவரு சோலிய முடிச்சிட்டு அவரா போவாரு” என்றார். அவர் தன் சோலியை முடிக்க இருபது நிமிஷம் ஆனது.

பிறகு பனிமூட்டம் இறங்கியது. கண்ணாடிக்கு முன்னால் வெள்ளைவேட்டி கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஒன்றும் தெரியவில்லை. டிரைவர் பாட்டுக்கு வளைத்து வளைத்து ஓட்டுகிறார்.  “அண்ணே, எப்படிண்ணே ஓட்டுறீங்க?” என்று கேட்டேன்.

“வளைவு கைக்குத் தெரியும் சார். இது எத்தனாவது வளைவுன்னு மட்டும் மனசு எண்ணிக்கிட்டே வரணும். எண்ணிக்கைய விட்டேன்னா அம்புட்டுத்தான்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அப்போது அந்தப் பதிலின் அருமையும் எனக்குப் புரியவில்லை.

பார்வதி பஸ் நிற்கும் இடத்திலேயே காத்திருந்தாள். குச்சி மாதிரி உடம்பு, நிமிர்ந்த நடை. “வாங்க அண்ணே” என்று என் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள். வீட்டில் தேங்காய் ரொட்டியும், மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் செய்து வைத்திருந்தாள். ஊர் மாறினாலும் அவள் அடுப்பு இலங்கையிலேயே இருந்தது. மலைப்பூண்டு போட்டு ஒரு குழம்பு வேறு. நான் ஏழு ரொட்டி தின்றேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

முத்தையா நல்ல உயரம். துவைத்த சட்டை, வாரிய தலை. என்னைப் பார்த்து எழுந்து கும்பிட்டார். “ஐயா யாருங்க?”

“பினாங்குலருந்து வந்திருக்கேன் மாப்பிள்ளை. பார்வதிக்கு அண்ணன்.”

“அப்படிங்களா! ஒக்காருங்க, ஒக்காருங்க.” தேத்தண்ணி குடித்தோம். பார்வதி தம்ளரைக் கழுவப் போனாள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து மறுபடி எழுந்து கும்பிட்டார். “ஐயா யாருங்க?”

அந்த ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு தரம் அறிமுகமாகியிருப்பேன். காய்ச்சலுக்குப் பிறகு நடந்த எதுவும் அவரிடம் ஒட்டவில்லை. அதற்கு முந்தைய சில வருஷங்களும் போய்விட்டன. இந்தியாவுக்கு வந்ததே அவருக்குத் தெரியாது. பனி, மலை, சரிவில் வீடுகள்; அவர் இன்னும் இலங்கைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில்தான் இருக்கிறார். காலையில் எழுந்ததும் “பெரட்டுக்கு நேரமாச்சா?” என்று கேட்பாராம். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற கூட்டம். “ஆச்சுங்க, கெளம்புங்க” என்பாளாம் பார்வதி.

“கெளம்பி எங்கே போவார்?” என்றேன்.

“வேலைக்கு அண்ணே. ரோட்டு மேல அனிபா பாய் கடை இருக்கு. ஒரு மைல். அங்க பூண்டு கட்டுறாரு. போன மாசத்துலேருந்து தனியா போய்த் தனியா வாறாரு.”

நான் நம்பவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் பார்த்த முகத்தை மறக்கிற மனுஷன், காய்ச்சலுக்குப் பிறகு ஒரு பாதையைக் கற்றுக்கொண்டாரா? அவள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: “கோத்தகிரிக்கு எழுதறதுக்கு முந்தி அதப் பாத்துட்டு எழுதுங்க அண்ணே. அவ்வளவுதான் நான் கேக்குறது.” கடித விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் வெள்ளனே அவரோடு நான் கிளம்பினேன். பார்வதி உருளைக்கிழங்குக் காட்டுக்குக் கூலிக்குப் போக வேண்டியிருந்தது. வாசலில் என்னை நிறுத்தி, “பத்தடி பின்னால போங்க. எதுவும் பேசாதீங்க. கேக்காதீங்க” என்றாள். நான் சரி சரி என்று தலையாட்டினேன். இருபத்திரண்டு வருஷம் நோயாளிகளைப் பார்த்தவனுக்குத் தேயிலைக்காரி பாடம் எடுக்கிறாளே என்று உள்ளுக்குள் ஒரு இளக்காரம்.

முத்தையா நடந்த நடையைச் சொல்ல வேண்டும். வாசல்படியில் வலது காலை வைத்து இறங்கினார். படிக்கட்டு வயல்களின் ஓரமாகத் தயங்காமல் போனார். பனியில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. அவர் குனிய வேண்டிய கிளைக்குக் குனிந்தார், தாண்ட வேண்டிய வாய்க்காலைத் தாண்டினார். அந்த டிரைவர் ஞாபகம் வந்தது.

ஓர் இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் ஓடையைக் கடந்து ரோட்டுக்கு ஏறுகிறது. வலது பக்கம் சோலைக்காட்டுக்குள் இறங்குகிறது. எனக்கு நாக்கு அரித்தது. தெரிந்து போகிறாரா, சும்மா போகிறாரா என்று சோதிக்காமல் எப்படி முடிவு எழுதுவது? “மாப்பிள்ளை, நில்லுங்க” என்றேன். “இதுல எந்தப் பக்கம் போகணும்?”

அவர் நின்றார். என்னைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார். அதுவரை இருந்த மனுஷன் அந்த முகத்தைவிட்டுப் போய்விட்டார். “எந்தப் பக்கம்... தெரியலீங்களே” என்றார். “யோசிச்சுப் பாருங்க” என்றேன். அவர் வலது பக்கம் திரும்பினார். நான் தடுக்கவில்லை. தப்புப் பண்ணித்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் பயிற்சிக் கூடத்தின் பாடம். நூறடி போகவிட்டு, “இது தப்பு” என்று சொல்லித் திருப்பிக் கூட்டிவந்தேன். எனக்குத் திருப்தியாக இருந்தது. ஆள் பாதை தெரியாமல்தான் நடக்கிறார், எழுதிவிடலாம்.

ஓடையில் ஒரு சப்பைக் கல் உண்டு, பாசி பிடித்தது. அதில் கால் வைத்ததும் என் இடது முழங்கால் காலை வாரிவிட்டது. ஊரையே நடக்க வைக்கிறவனின் முழங்கால் லட்சணம் அப்படி. தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். முத்தையா ஓடி வந்து என் கையைப் பிடித்துத் தூக்கினார். “பாத்து வாங்கய்யா. ஐயா யாருங்க?”

அனிபா பாய் கடையில்தான் எனக்கு அடுத்த அதிர்ச்சி. பாய் பழனிக்காரர். பூண்டு வாங்கி அனுப்புகிற வியாபாரி. கல்லாவிலிருந்து எழுந்து என்னை வரவேற்க வந்தவர் கப்பல் தளத்தில் நடப்பவர் மாதிரி அகலக் கால் வைத்து ஆடி ஆடி வந்தார். பேச்சு இழுத்து இழுத்து வந்தது. கை கொடுக்க நீட்டினார். கை என் கையைத் தாண்டிப் போய் என் சட்டைப் பையில் இடித்தது.

நான் முகத்தைச் சுளித்திருப்பேன் போல. பாய் சிரித்தார். “குடிச்சிருக்கேன்னு நெனைக்கிறீங்க. ஊரே நெனைச்சிச்சு. பள்ளிவாசல்ல கூப்பிட்டே விசாரிச்சாங்க. அஞ்சு வேளை தொழுகிற மனுஷன் நான், எம்புட்டு அவமானம் பாருங்க! மூளையில ஏதோ ரத்தக் குழாய் அடைச்சிருச்சாம். பின்னாடி பக்கம்.”

அவர் விரலை என் விரலில் வைத்து, பிறகு தன் மூக்கைத் தொடச் சொன்னேன். விரல் நடுங்கிக்கொண்டே போய்க் கன்னத்தில் குத்தியது. சிறுமூளை. சந்தேகமே இல்லை. ஆனால் நினைவு? போன ஆடியில் எந்தக் காட்டிலிருந்து எத்தனை மூட்டை வந்தது என்று ஒப்பிக்கிற மனுஷன் அவர். கை மட்டும் ஒரு முடிச்சுப் போடாது.

முத்தையா பாயைப் பார்த்து வணங்கினார். “நீங்கதான் புதுக் கணக்கப்பிள்ளையா?”

“ஆமாப்பா, இன்னிக்குத்தான் வந்தேன்” என்றார் பாய், கண்ணைச் சிமிட்டி. “டெய்லி எனக்கு இலங்கையில உத்தியோகம் போட்டுக் குடுக்குறான். முத்தையா, அந்த மூலையில கெடக்குற பூண்ட நூறு நூறா கட்டு. பெரிய பல்லு தனி.” முத்தையா உட்கார்ந்தார். தாளோடு சேர்த்துப் பின்னி, ஒரு சுற்று, ஒரு இழுப்பு, முடிச்சு. அத்தனை கட்டும் அச்சில் வார்த்த மாதிரி. எத்தனை கட்டினோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. பாய் கல்லாவிலிருந்தபடி, “நூறு ஆச்சு, அடுத்தது” என்பார். இவர் அடுத்ததை எடுப்பார்.

நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைக்கு வந்த ஒருத்தர், “என்ன பாய், ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளு வேலை பாக்குறீங்க போல” என்று கிண்டலடித்தார். பாய் விடவில்லை. “ஆமா, ஒன்ன மாதிரி ஒரு ஆளு கால் ஆளு வேலையா பாக்குறோம்? போடா ஏலே!”

அன்றைக்கு முத்தையா நல்லபடியாக வீடு திரும்பினார். மூன்றாம் நாள் காலை தனியாகக் கிளம்பினார். நான் வெந்நீரில் கால் வைத்து முழங்காலைக் கவனித்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குப் பாய் கடையிலிருந்து ஓர் ஆள் ஓடி வந்தான். “முத்தையா இன்னும் வரலைங்க!”

பார்வதிக்கு ஆள் அனுப்பினோம். அவள் காட்டிலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்தாள். பாதை பிரிகிற இடத்துக்கு வந்ததும் குனிந்து பார்த்தேன். வலது பக்கத்துப் பாதையில் அவர் செருப்புத் தடம். சோலைக்குள் இறங்கினோம். காட்டெருமைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது. அவர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். குளிரா பயமா தெரியவில்லை. “மடுவத்தக் காணோம் பார்வதி, கொழுந்து நிறுக்கிற மடுவத்தக் காணோம்” என்றார்.

அவரை வீட்டில் படுக்க வைத்துவிட்டு அவள் வெளியே வந்தாள். “அவரு எப்பவும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டாரு. என்ன அண்ணே செஞ்சீங்க?”

சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

“எட்டு மாசம் அண்ணே!” என்று கத்தினாள். “எட்டு மாசம் ஒரு நாளும் அவரைத் தப்பான பக்கம் ஒரு அடி வெக்க விட்டதில்ல. கேக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா? அவரு யோசிச்சாருன்னா தொலைஞ்சிருவாரு. யோசிக்காம போறவரைக்கும்தான் எனக்குப் புருஷன். போங்க, கோத்தகிரிக்கு எழுதிருங்க. ஒங்க கையாலயே எழுதிருங்க!”

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது ஆம்பிளை, குரங்குக் குல்லாவைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “எப்படிம்மா பழக்கினே?” என்று கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டேன்.

 அவள் என் வலது கையைப் பிடித்தாள். “சின்னப்புள்ளையில அம்மா எனக்குக் கொழுந்து எடுக்கக் கத்துக் குடுத்த விதம் இது. என் கை மேல அம்மா கை. ரெண்டு எலை ஒரு மொட்டு, கிள்ளு. ரெண்டு எலை ஒரு மொட்டு, கிள்ளு. முத்தல் எலைய ஒரு தடவைகூடக் கிள்ள விடாது. ஏம்மான்னு கேட்டா, தப்பா ஒருக்கா கிள்ளினா கை அதையும் படிச்சுக்கும்னு சொல்லும். எங்க தோட்டத்துல எல்லாரும் அப்படித்தான் படிச்சோம். இவருக்கு வாயால சொன்னா நிக்காது. முழங்கையப் புடிச்சு நடந்தேன். பொறவு விரல மட்டும் வெச்சு நடந்தேன். பொறவு பத்தடி பின்னால.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தப்புச் செய்ய வைத்துத் திருத்துவது நினைவு இருக்கிறவனுக்குச் சரி. ‘நேற்று இந்தப் பக்கம் வந்து ஏமாந்தேன்’ என்று ஞாபகம் வைத்துக்கொள்ள அவனுக்குள் ஒரு ஆள் இருக்கிறான். முத்தையாவுக்கு அந்த ஆள் இல்லை. நான் ‘தப்பு’ என்று சொன்னது மறந்துவிட்டது. தப்பாக வைத்த அடி காலில் தங்கிவிட்டது. இதை எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத என் சித்தப்பா மகள் தானாகக் கண்டுபிடித்திருக்கிறாள். அந்த அவமானத்துக்கு நடுவிலும் எனக்குப் பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. எங்கள் ரத்தம் என்று யாரிடமாவது கத்த வேண்டும்போல் இருந்தது.

சாயங்காலம் முத்தையாவையும் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு பாய் கடைக்குப் போனோம்; அங்கே ஒரு காலிஃபிளவரைக் கையில் வைத்துக்கொண்டு பாய்க்கும் பார்வதிக்கும் விளக்கினேன். “தலைக்குப் பின்னால், பிடரிக்கு மேலே, இந்தப் பூ மாதிரி மடிப்பு மடிப்பா இருக்கிறது சிறுமூளை. அடுத்த அடி எப்போ, எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம்னு அது பார்த்துக்கும். பாய்க்கு அடிபட்டது அங்கே. காதுக்கு உள்பக்கம், ரெண்டு பக்கமும், கடல்குதிரை மாதிரி வளைஞ்ச ஒரு சின்னப் பகுதி இருக்கு. எங்கே இருக்கோம், என்ன நடந்ததுன்னு எழுதி வைக்கிறது அது. மாப்பிள்ளைக்கு அதைக் காய்ச்சல் தின்னுருச்சு.”

“ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை உண்டா?” என்று கேட்டார் பாய்.

“இல்லாமலா? நம்ம பஸ் டிரைவர் பனியில ஓட்டுறாரே. கை வளைவை அறியும், மனசு எத்தனாவது வளைவுன்னு எண்ணும். ஒவ்வொரு அடியையும் சிறுமூளை கணக்குப் பார்த்து மேலே சொல்லும். குதிரை அதை வாங்கித் தன் வரைபடத்துல குறிச்சுக்கும். இன்னும் எவ்வளவோ பகுதிகள் இதுல சேரும். முழுக்கத் தெரிஞ்சவங்க யாரும் இல்லை பாய்.”

பாய் தாடியைத் தடவ முயன்று காதைத் தடவினார். “அப்போ எல்லார் மண்டைக்குள்ளயும் நானும் முத்தையாவும் ஒக்காந்திருக்கோம்னு சொல்லுங்க. நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் நடுவுல ஒரு கல்லாப்பெட்டி!” கடையே சிரித்தது. முத்தையாவும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

பார்வதி மட்டும் சிரிக்கவில்லை. “எத்தன நாள் இருப்பீங்க அண்ணே?”

“நாளன்னைக்குக் கிளம்பணும்.”

“கெளம்ப முடியாது. எனக்குக் காட்டு வேலை கெடக்கு. கெடுத்தது நீங்க, கூட நடங்க.”

நான் பயணத்தைத் தள்ளிப்போட்டேன். வலது பக்கத்துப் பாதையைப் பாய் ஆள் வைத்து முள் போட்டு அடைத்தார். ஒரு நாளைக்கு ஆறு தரம் நடந்தோம். காலையில் முதல் நடை பார்வதி, மிச்சம் நான். என் கையை அவர் முழங்கையில் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்துக் காட்டித் தந்தாள். பிரிகிற இடத்துக்கு நாலு அடி முன்னாலேயே இடது பக்கம் ஒரு சின்ன அழுத்தம். அவருக்கு யோசிக்க இடமே தரக்கூடாது. நான் ஒரு தரம் லேட்டாக அழுத்தினேன். “அண்ணே, முத்தல் எல!” என்று பின்னாலிருந்து ஒரு அதட்டல்.

ஒவ்வொரு தரமும் அந்தச் சப்பைக் கல்லில் என் முழங்கால் மடங்கும். ஒவ்வொரு தரமும் அவர் திரும்பி வந்து கையைப் பிடிப்பார். “பாத்து வாங்கய்யா. ஐயா யாருங்க?” ஒரு வாரத்தில் நான் முப்பது தரமாவது தடுக்கியிருப்பேன். மத்தியானம் பாய் வீட்டிலிருந்து நெய்ச்சோறு வரும். பினாங்கில் நாசி கண்டார் என்கிற கறிச்சோறு தின்று வளர்ந்த நாக்கு எனது; அதற்கே அந்த நெய்ச்சோறு ஒரு படி மேல்தான். ஊருக்குப் போய் இதைச் சொன்னால் உதை விழும்.

அடுத்த நாட்களில் முழங்கையிலிருந்து கை எடுத்தோம், விரல் வைத்தோம், விரலையும் எடுத்தோம். கடைசி நாள் காலை பார்வதி முள்ளை எடுக்கச் சொன்னாள். இன்றைக்கு அவர் தானாகப் போக வேண்டும். வழி தப்பினால் கோத்தகிரி கடிதத்துக்கு மறுபேச்சுப் பேசமாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள். ஆனால் வாசலைத் தாண்டி வரவில்லை. “வந்தா என் மூச்சே அவருக்கு வழி சொல்லிரும்” என்றாள். முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு நின்றாள்.

“பெரட்டுக்கு நேரமாச்சா?” என்றார் முத்தையா. வலது காலை வைத்து இறங்கினார். நான் பத்தடி பின்னால். பனி முந்தைய நாளைவிட மோசம். அவர் முதுகு மட்டும் சாம்பலாகத் தெரிந்தது. கிளைக்குக் குனிந்தார். வாய்க்காலைத் தாண்டினார். பிரிகிற இடம் வந்தது. நான் மூச்சை நிறுத்தினேன். பழனி முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன், தலையில் மிச்சமிருப்பதே கொஞ்சம்தான். நாலடி முன்னால் அவர் தோள் இடது பக்கம் சாய்ந்தது. போய்க்கொண்டே இருந்தார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எத்தனையோ பேரை நடக்க வைத்திருக்கிறேன். ஒரு மனுஷன் பாதையில் இடது பக்கம் திரும்பியதற்கு அப்படி நெஞ்சு விம்மியது அன்றைக்கு மட்டும்தான். கோத்தகிரிக்கு எழுத வேண்டிய கடிதம் அங்கேயே மனசில் முடிந்துவிட்டது. ‘அண்ணாச்சி, தம்பியை அசைக்காதீர்கள். இந்த மலையில் அவருக்கு ஒரு மைல் சொந்தமாக இருக்கிறது. பார்வதி வாங்கிக் கொடுத்தது.’

ஓடை வந்தது. அவர் கல்லைத் தாண்டினார். தாண்டிய பிறகு நின்றார். ஏன் நிற்கிறார்? வழி போய்விட்டதா? எனக்குப் பகீரென்றது.

அவர் திரும்பவில்லை. முகம் ரோட்டைப் பார்த்தபடி இருக்க, இடது கையை மட்டும் பின்னால் நீட்டினார், என் கை பிடிக்க வாகாக. நான் இன்னும் கல்லில் கால்கூட வைக்கவில்லை.

அந்தக் கையைப் பிடித்தேன். பிடித்து, இத்தனை நாளில் முதல் தடவையாக, விழாமல் தாண்டினேன். அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அதில் அறிமுகத்தின் சாயல்கூட இல்லை.

“ஐயா யாருங்க? எந்த ஊரு?”

“பினாங்கு” என்றேன். 

“பினாங்கா!” அவர் முகம் மலர்ந்தது. “என் பொஞ்சாதிக்குப் பெரியப்பா மகன் ஒருத்தர் அங்க இருக்காருங்க. பெரிய டாக்டரு. நான் பாத்ததில்ல. நடக்க முடியாதவங்களையெல்லாம் நடக்க வெச்சிருவாராம். எங்க தோட்டத்துல அவரப் பத்திச் சொல்லாத ஆளு இல்ல.”

பதினைந்து வருஷமாக அந்தப் பேச்சைத் திருத்தாமல் தின்று வந்தவன் நான். “அவரை எனக்குத் தெரியும் மாப்பிள்ளை” என்றேன். “அவர் டாக்டர் இல்லை. சும்மா பயிற்சி கொடுக்கிறவர். உங்க குடும்பத்துல டாக்டர்னா அது உங்க பொஞ்சாதிதான்.”

“பார்வதியா?” அவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு வாய் கொள்ளாமல் சிரித்தார். “அவ கொழுந்தெடுக்கிறவங்க. ஆனா கெட்டிக்காரி.” என் கையை விடாமலே ரோட்டுக்கு ஏறினார். மேலே கடை வாசலில் அனிபா பாய் ஆடி ஆடி நின்று, பெரட்டு எடுக்கிற கணக்கப்பிள்ளை மாதிரி வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தார்.